தலைமைப் பேயின் மாதாந்திர அறிக்கை

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மண்டிகள் இருக்கும் தெருவில், ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. இங்கிலீஷ் மெஷின் ஏழு, தமிழ் மெஷின் ஒன்று. இங்கிலீஷ் மெஷின்களில் ஊர்ப் பிள்ளைகள் லோயர் பரீட்சைக்காகத் தட்டிக்கொண்டிருக்க, தமிழ் மெஷினில் டீச்சர் ஹமீதுன்னிசா, பேய்கள் நடத்தும் மதமாற்ற முகாமுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இது எண்பத்தாறாம் வருடம் மார்ச் மாதம். நான் பெண்பிள்ளை என்றும் பாராமல் இரண்டு வருடம் வடக்கே ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வேலைக்கு விண்ணப்பம் அடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தினமும் அந்த மாடிக்குப் போய்விடுவேன். விண்ணப்பம் அடித்ததைவிட டீச்சரின் கதையைப் படித்ததுதான் அதிகம்.

ஹமீதுன்னிசாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கணவர் சிக்கந்தர் பாட்சா குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் மாமியார் பல்கீஸ் பீவி மட்டும். காலையில் வகுப்பு, மதியம் வெளிவேலை. வெளிவேலை என்றால் குத்தகைப் பத்திரம், பட்டா மனு, அரசு அலுவலகங்களின் அறிக்கை என்று ஊரில் யார் எதைக் கொண்டுவந்தாலும் அடித்துக் கொடுப்பது. “மேற்படி”, “பொருள்”, “பார்வை”, “கனிவான கவனத்திற்கு” ஆகிய வார்த்தைகளை விரல்கள் தாமாகவே அடித்துவிடும் என்பார். ஆறு வருடமாகப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிவந்தார். பதினோரு கதைகள் போயின, பதினொன்றும் திரும்பின. பன்னிரண்டாவதாக எழுதியதுதான் இந்தப் பேய் நாவல்.

நாவல் இதுதான். ஊரெல்லாம் கரண்டு வந்துவிட்டது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் கொட்டகை, அதில் ஒரு பல்பு. ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். பேய்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. ஆகவே மேலிடம் ஓர் உத்தரவு போடுகிறது. மண்டகப்பட்டுப் பாறைக்குப் பக்கத்தில் முகாம் போட்டு, மாதத்துக்கு நாற்பது மனிதர்களைப் பேய் மதத்துக்கு மாற்ற வேண்டும். சாமியானா, மைக் செட், டோக்கன், ஒரு வேளைச் சாப்பாடு. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பக்கெட். அடிப்பது, மிரட்டுவது எதுவும் கிடையாது. எல்லாரும் “வாங்க, உட்காருங்க” என்று மரியாதையாகப் பேசுவார்கள். மாறுகிறவன் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும், உப்புத் தின்பதை விட வேண்டும், கடைசியில் நிழலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சிரித்துக்கொண்டே படித்துவருகிறவர்கள் நாலாம் அத்தியாயத்தில் நின்றுவிடுவார்கள். முகாமுக்குப் போய்வந்த ஒருவன் நல்ல வெயிலில் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மனைவி சோறு போடுகிறாள். குனிந்து குழம்பு ஊற்றும்போது தரையில் அவள் நிழல் மட்டும் விழுகிறது. இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டுத் தெருவுக்குப் போகிறாள். அங்கே விளையாடும் தன் பிள்ளைகளின் நிழல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள்.

பல்கீஸ் பீவி இந்த இடத்தில், “நிறுத்து புள்ள. ஜன்னலத் தொற. வெளிச்சம் வரட்டும், அப்புறம் படி,” என்றாராம். ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

மார்ச் ஐந்தாம் தேதி டீச்சர் அசல் பிரதியை எடுத்துக்கொண்டு விழுப்புரம் கிளம்பினார். எந்தப் பஸ் புறப்பட்டாலும் ஏறிக்கொள்ள நான் தயாராக இருந்த காலம். நானும் போனேன். விழுப்புரத்தில் சீனுவாசன் என்பவர் அச்சகம் வைத்து, மாதம் ஒரு நாவல் வெளியிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகைதான் அவருக்குச் சோறு, நாவல் ஆசைக்கு. பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனோம்.

“கதை நல்லாத்தான் கீதும்மா,” என்றார் சீனுவாசன். “அதுலயும் ஒம்போதாம் அத்தியாயம், தலைமைப் பேயி மேலிடத்துக்கு அனுப்புற அந்த அறிக்கை. ‘கத்தரிக்கோல் மூன்று, விளக்கு அணைந்ததால் டார்ச் லைட் பயன்படுத்தப்பட்டது’ன்னு எழுதினிருந்தியே, ராத்திரி நான் வெளக்க அணைக்காமதான் படுத்தேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். கதையில் கத்தரிக்கோலும் கிடையாது, டார்ச் லைட்டும் கிடையாது. மாதத்துக்கு நாலு கையெழுத்துப் பிரதி படிக்கிற மனிதர், ஒன்றுக்கு ஒன்று குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டோம். பாராட்டும்போது யாராவது திருத்துவார்களா?

“ஆனா எனக்குப் பயமா கீதும்மா,” என்று சீனுவாசன் தொடர்ந்தார். “நீ பாய் ஊட்டுப் பொண்ணு. எழுதினிருக்கிறது மதம் மாத்துற முகாமு. நடத்துறது பேயி. மூணும் ஒரே அட்டையில வந்துச்சின்னா எம் பிரஸ்ஸுல ஒரு கண்ணாடி மிஞ்சாது. இவன் அவனச் சொல்றான்பான், அவன் இவனச் சொல்றான்பான்.”

“நான் யாரையும் சொல்லலங்க.”

“அத அவங்களே எழுதிக் கொடுக்கட்டும். ஜமாத்துல ஒண்ணு, சர்ச்சுல ஒண்ணு, கோயில்ல ஒண்ணு. ஆட்சேபணை இல்லன்னு மூணு லெட்டர். சித்திரை ஒண்ணாந் தேதி பொஸ்தகம் கடைக்கு வரணும். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கொண்டாந்தா அச்சுக் கோக்க ஆரம்பிச்சிடறேன். இல்லன்னா ஒருத்தரு துப்பறியும் கதை குடுத்து வச்சிகினு காத்துகினு கீறாரு, அதப் போட்டுடுவேன். இன்னொண்ணு. மூணு லெட்டரு வந்தப்புறமும் நாலாவதா எவனாவது ஒரு கார்டுல ஆட்சேபணைன்னு எழுதிப் போட்டான்னா, கதை அவ்ளோதான்.”

திரும்பி வரும் பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் டீச்சர் எதையோ விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு, “பதினோரு கதையில ஒண்ணுக்குக்கூட ‘நல்லா இருக்குது’ன்னு யாரும் சொன்னதில்ல,” என்றார். “பேய்ங்களுக்கு மூணு லெட்டர் வாங்க முடியாதா என்ன?”

கார்பன் வைத்து அடித்திருந்ததால் கையில் மூன்று பிரதிகள் இருந்தன. முதல் பிரதி ஜமாத் செயலாளர் அப்துல் கரீமுக்குப் போனது. அவர் மாடிக்கு நேர் கீழே மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். மூட்டை மேல் உட்கார்ந்தே படித்தார். மூன்றாம் நாள் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். பக்கங்களுக்கு நடுவிலிருந்து மல்லாட்டைத் தோல் உதிர்ந்தது.

“ஏம்மா ஹமீதா, நாப்பது பேருக்குச் சாப்பாடு போடுறாங்க. மூணு படி அரிசின்னு அடிச்சிருக்கியே. யாருக்குப் பத்தும்?”

“பேய்ங்க போடுற சாப்பாடு மாமா.”

“போடுறது பேயி, திங்கிறது மனுசன்தானே? மூணு படில நாப்பது பேரக் கூப்பிட்டா ஒருத்தனும் மாற மாட்டான், அடுத்த முகாமுக்குப் போயிடுவான். ஏழு படின்னு போடு. ஊரக் கூப்பிட்டுப் போடுற சட்டிச் சோறுன்னா ஒரு கௌரவம் வேணும்.”

ஏழு படி என்று திருத்தியதும் லெட்டர் கிடைத்தது. “மேற்படி கதையில் வரும் பேய்கள் எமது ஜமாத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதால் ஆட்சேபணை இல்லை.”

பாஸ்டர் ராஜாமணிக்கு அது ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம். காலையில் உபவாசம் வேறு. “தபசு நாள்ல என்னைப் பேய்க் கதை படிக்க வச்சிட்டியேம்மா,” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார். ஒரே நாளில் படித்து முடித்துவிட்டார். அவருக்கு வேறு குறை.

“இந்தத் தலைமைப் பேயி ரெண்டு நிமிசம் பேசுது, இருபத்தொம்போது பேர் மாறிடுறான். எப்பிடிம்மா? நான் ரெண்டு மணி நேரம் மைக்ல கத்துறேன். அப்பவும் பாதிப் பேரு சாப்பாட்டுக்குத்தான் ஒக்காந்துகினு இருக்கான். நம்புற மாதிரி எழுதணும். ஒரு முக்கா மணி நேரமாவது பேச வைம்மா, அந்தப் பேய.”

முக்கால் மணி நேரம் ஆக்கியதும் இரண்டாவது லெட்டர்.

மூன்றாவதுக்காக மண்டகப்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். கோயில் தர்மகர்த்தா அப்பாதுரை கரும்புத் தோட்டத்தில் நின்றபடி பேசினார். படித்தது அவருடைய மகள். அவர் காதால் கேட்டிருந்தார்.

“சாமியப் பத்தி ஒண்ணும் தப்பா இல்ல. ஆனா பாறைக்குத் தெக்கால ஒரு புளியமரம், அதுல பேயிங்க ஒக்காந்துகினு இருக்குதுன்னு எழுதினிருக்கியே. அது எங்க மரம்மா. அச்சுல வந்துட்டா புளி உலுக்க ஒருத்தன் வருவானா?”

“நான் சும்மா மனசுல நெனச்ச மரமுங்க.”

“நீ மனசுல நெனச்ச. மரம் அங்கதான கீது? வடக்கால மாத்திடு. அது எங்க பங்காளி மரம். அங்க எவ்ளோ பேயி வேணும்னாலும் தாராளமா ஒக்காரட்டும்.”

மார்ச் இருபதுக்குள் மூன்று லெட்டர்களும் டீச்சரின் மேஜை டிராயரில் இருந்தன. நாங்கள் கீழே இறங்கிப் போய் ஆளுக்கு இரண்டு போண்டா சாப்பிட்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமை விழுப்புரம் போவது என்று முடிவானது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் பச்சைமுத்து படியேறி வந்தார்.

பச்சைமுத்து, பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தின் ஹெல்த் இன்ஸ்பெக்டர். ஒல்லியான மனிதர், நாற்பத்தெட்டு வயது. எங்கே போனாலும் கையில் குடை. நாலு வருடமாக அவருடைய குடும்பக் கட்டுப்பாடு முகாம் அறிக்கைகளை டீச்சர்தான் அடித்துக் கொடுத்துவந்தார். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் ஒன்றாம் தேதி அவருக்கு ஓர் இலக்கு வரும்; மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் இத்தனை பேர் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். சாமியானா, மைக் செட், டோக்கன், பக்கெட். ஆம், எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். தலைமைப் பேய் தன் மேலிடத்துக்கு அனுப்பும் மாதாந்திர அறிக்கை என்று ஒன்பதாம் அத்தியாயம் முழுவதையும் டீச்சர் பச்சைமுத்துவின் படிவத்திலேயே எழுதியிருந்தார்.

பச்சைமுத்து மேஜை மேல் மேலதிகாரியிடமிருந்து வந்த ஒரு காகிதத்தை வைத்தார். “படிங்க டீச்சர். சத்தமா படிங்க.”

டீச்சர் படித்தார். “‘பார்வையில் காணும் தங்களது பிப்ரவரி மாத அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், முகாமுக்கு வந்தோர் 41, மாறியோர் 29, பயந்து ஓடியோர் 12, பக்கெட் பெற்றுக்கொண்டோர் 41 எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. ‘மாறியோர்’, ‘பயந்து ஓடியோர்’ ஆகிய தலைப்புகள் அங்கீகரிக்கப்பட்ட படிவத்தில் இல்லை. பயந்து ஓடிய 12 பேருக்கும் பக்கெட் வழங்கப்பட்டது ஏன் என்பதற்கும், இலக்கு எட்டப்படாததற்கும் ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’”

இங்கிலீஷ் மெஷின்கள் ஏழும் நின்றுவிட்டன.

டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மார்ச் மூன்றாம் தேதி ஒரே மேஜையில் இரண்டு அறிக்கைகள் கிடந்தன. இரண்டும் ஒரே அளவுத் தாள், ஒரே மெஷின், ஒரே மொழி. குண்டூசி குத்தும்போது பச்சைமுத்துவின் இரண்டாம் பக்கம் பேயிடம் போய்விட்டது, பேயின் இரண்டாம் பக்கம் பச்சைமுத்துவிடம் வந்துவிட்டது. அறிக்கைகளில் யாரும் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பக்கத்தில் பேய் என்ற வார்த்தையே இல்லை. பச்சைமுத்துவும் வழக்கம்போலப் படிக்காமல், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முகாம் அலுவலர் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்.

சீனுவாசனை விளக்கு அணைக்காமல் படுக்க வைத்த கத்தரிக்கோலும் டார்ச் லைட்டும் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

டீச்சர் ஒளிக்கவில்லை. நாவல், பேய், முகாம், எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். பச்சைமுத்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“நான் முப்பத்தோரு பேரப் புடிச்சேன் டீச்சர். ஒங்க பேயி எவ்ளோ புடிச்சிது?”

“இருபத்தொம்போது.”

“வெயில்ல அலைஞ்சி, கேப்பைக் கூழக் குடிச்சிகினு, ஊடு ஊடா ஏறி எறங்கி முப்பத்தொண்ணு. எனக்கு ரெண்டு பேரக் கொறச்சிட்டீங்களே! ஒரு பேயோட சேத்து என்னிய ஒழுங்கா வேலை செய்யாதவன்னு ஆக்கிட்டீங்களே!”

கோபம் கொஞ்சம் ஆறியதும் விஷயத்துக்கு வந்தார். இந்த நாவல் அச்சில் வரக்கூடாது. மேலே இருப்பவர்கள் மாத நாவல் படிப்பவர்கள். அதே எண்களை, அதே பக்கத்தை நாவலில் பார்த்தால் பச்சைமுத்து கையெழுத்துப் போட்டு அனுப்பியது பேயின் அறிக்கை என்று தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருட சர்வீஸ் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

“விழுப்புரத்துக்கு நான் ஒரு கார்டு போட்டாப் போதும், இல்ல?” என்றார். மூன்று லெட்டர் வாங்கியதும், நாலாவதாக ஒரு கார்டு வந்தால் கதை நின்றுவிடும் என்பதும் ஏற்கெனவே கீழே மண்டியில் அவர் காதில் விழுந்திருந்தன. “எனக்கு ஆசை இல்ல டீச்சர். ஆனா வேற வழி இல்ல.”

“ஒம்போதாம் அத்தியாயத்த எடுத்துட்டா கதையே இல்லைங்க சார்.”

“அப்போ கதை வேணாம்.”

டீச்சர் வாதாடவில்லை. முதலில் அவருடைய விளக்கக் கடிதத்தை அடித்துக் கொடுத்தார். “தட்டச்சில் ஏற்பட்ட பிழை காரணமாக” என்று ஆரம்பித்து, உண்மையான இரண்டாம் பக்கத்தின் எண்களைக் குறிப்பிட்டு, பக்கெட் பற்றிய கேள்விக்கு “மேற்படி பக்கெட்டுகள் இருப்பில் உள்ளன” என்று முடித்தார். பிறகு, கரீம் மாமா திருப்பித் தந்த கார்பன் பிரதியை, திருத்தங்கள் எல்லாம் போட்டது, அவர் கையில் கொடுத்தார். “கார்டு போடுங்க சார். ஆனா படிச்சிட்டுப் போடுங்க. சனிக்கெழம வரைக்கும் டைம் கொடுங்க. படிக்காம கையெழுத்துப் போட்டதுனாலதான இவ்ளோ பேஜாரு.”

பச்சைமுத்து பிரதியைக் குடைக்குள் செருகிக்கொண்டு போனார்.

அந்த வாரம் டீச்சர் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்தினார். டிராயரில் மூன்று லெட்டர்களும் சும்மா கிடந்தன. தினமும் மதியம் தபால்காரரிடம், “விழுப்புரத்துலேருந்து எனக்கு ஏதாவது?” என்று கேட்டார். சனிக்கிழமை இருபத்தொன்பதாம் தேதி. பன்னிரண்டு மணிக்குக் குடை முதலில் படியில் தெரிந்தது.

“மொதல்ல எம் பொண்டாட்டி செண்பகம் படிச்சிட்டா,” என்று சொல்லிக்கொண்டே பச்சைமுத்து உட்கார்ந்தார். “சோறு போட்டுட்டு எந் நெழலப் பாக்குறா. ரெண்டு நாளா எனக்கு வெயில்லதான் சாப்பாடு.”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“கதையில ஒரு தப்பு இருக்குது டீச்சர். கடைசியில ஊரு வாத்தியாரு ஒருத்தரு வந்து முகாமக் கொளுத்துறாரு, தலைமைப் பேயி வெந்து சாவுது. ஏன்? அது என்ன பாவம் பண்ணிச்சி? மேல சொன்னாங்க, செஞ்சிது. மொட்ட வெயில்ல சாமியானா கட்டிச்சி. ஏழு படி ஆக்கிப் போட்டுச்சி. முக்கா மணி நேரம் மைக்ல பேசிச்சி. கடைசியில டார்கெட்டும் முடியல, உசுரும் போச்சி. ஞாயமா இது?”

“அது பேயிங்க சார்,” என்றேன் நான்.

“இருக்கட்டுமே!”

டீச்சர் பென்சிலை எடுத்தார். “என்ன பண்ணலாம்னு சொல்லுங்க.”

“மொதல்ல அந்த நம்பர மாத்துங்க. இருபத்தொம்போதும் பன்னெண்டும் மேல பைல்ல ஏறிடுச்சி, அது வேணாம். கூடப் போடுங்க. முப்பத்தொம்போது போடுங்க.”

“நாப்பதுன்னே போட்டுடலாமே. டார்கெட் முடிஞ்சிடும்.”

பச்சைமுத்து தலையை ஆட்டினார். “ஒண்ணு கொறையணும் டீச்சர். பத்து கொறைஞ்சா மனுசன் விட்டுட்டுத் தூங்கிடுவான். ஒண்ணு கொறைஞ்சாதான் பைத்தியம் புடிக்கும்.”

அப்புறம் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை, அதற்கு முன் எவரிடமும் சொல்லவில்லை என்றார். எழுபத்தொன்பதாம் வருடம். மார்ச் முப்பத்தொன்று, மாலை நாலு மணி. இலக்கில் ஒன்று குறைந்தது. முந்திய நாள் வருகிறேன் என்று சத்தியம் செய்த ஆள் திருவெண்ணெய்நல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டான். டாக்டர் கையைக் கழுவப் போகிறார். பச்சைமுத்து பதிவேட்டைப் பார்த்தார். முகாம் அலுவலர் என்ற இடத்தில் தன் பெயர். பயனாளி என்ற இடத்தில் ஒரு வரி காலி. செண்பகத்துக்கு மூன்று பிள்ளைகள், போதும் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பெயரை அங்கேயும் எழுதினார். சட்டையைக் கழற்றி மேஜை மேல் ஏறிப் படுத்துவிட்டார்.

“நானே கூப்புட்டேன், நானே வந்தேன், நானே பக்கெட்டும் வாங்கிகினேன். அன்னிக்குத்தான் டீச்சர் தெரிஞ்சிது. அது வரைக்கும் எரநூறு பேருகிட்ட, ‘ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க’ன்னு சொல்லியிருக்கேன். மேஜ மேல படுத்து மேல பாத்தேன் பாருங்க. அம்மாடி! இம்மாம் பயமா இருக்கும்னு எவனும் எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

இந்தத் தடவை அவரே முதலில் சிரித்தார். டீச்சர் மட்டும் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இத நான் எடுத்துக்கலாமா? ஒங்க பேரு வராது.”

“எதை?”

“நீங்க மேஜ மேல ஏறினத.”

பச்சைமுத்து வெகு நேரம் குடைக் கம்பியை நிமிண்டினார். “டார்கெட் முடியுமா?”

“முடியும்.”

“அப்போ எடுத்துக்குங்க.”

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிட்யூட் விடுமுறை; தமிழ் மெஷினை வீட்டுக்குத் தூக்கிவந்திருந்தோம். டீச்சர் வீட்டுக் கூடத்திலிருந்து காலையில் ஆரம்பித்த மெஷின் சத்தம் மாலை வரை நிற்கவில்லை. நான் கார்பன் மாற்றிக் கொடுத்தேன், பல்கீஸ் பீவி அரிசி புடைத்துக்கொண்டே யோசனை சொன்னார்.

புதிய முடிவு இப்படி வந்தது. கடைசி நாள், பொழுது சாய்கிறது. முப்பத்தொன்பது நிழல்கள் மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஒன்று குறைகிறது. தலைமைப் பேய் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. மதம் மாறியவர் பெயர் என்றுதான் படிவத்தில் இருக்கிறது. எதிலிருந்து எதற்கு என்று கேட்கும் பத்தியே இல்லை. மேலே இருப்பவர்கள் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். பேய் நாற்பதாவது வரியில் தன் பெயரை எழுதுகிறது. எழுதி முடித்ததும் அது மனிதனாகிவிடுகிறது. காலடியில் நிழல் விழுகிறது.

“மனுசனா ஆனதும் மொதல்ல என்னா பண்ணுவான் மாமி?” என்று டீச்சர் மாமியாரிடம் கேட்டார்.

“உப்பு கேப்பான்,” என்றார் பல்கீஸ் பீவி, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்புறம் பயப்படுவான்.”

அப்படியே எழுதினார். அந்த மனிதன் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு நிமிர்கிறான். சாமியானாவில் நிழலில்லாத முப்பத்தொன்பது பேர் அவனைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்க, உட்காருங்க என்கிறார்கள். அவனுக்கு முதன்முதலாகப் பயம் வருகிறது. மூட்டையை அவிழ்த்து, அவரவர் நிழலை அவரவர் காலில் எறிந்துவிட்டு, மண்டகப்பட்டு ரோட்டில் ஓட ஆரம்பிக்கிறான். இலக்கு நாற்பது. எட்டப்பட்டது நாற்பது.

திங்கட்கிழமை மார்ச் முப்பத்தொன்று. முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போனபோது பச்சைமுத்து பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். கையில் கவர். “நாலாவது லெட்டர்,” என்றார். முத்திரை குத்தி, தேதி போட்டு, அடியில் கையெழுத்து. “மேற்படி பேய்கள் தொடர்பாகக் கீழே கையொப்பமிட்டவருக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.”

“படிச்சிட்டுத்தான் போட்டீங்களா சார்?”

“மூணு தபா. சரி, ஜல்தி ஏறுங்க, பஸ் எடுத்துடுவான். எனக்கும் இன்னிக்கு இன்னும் நாலு பேரு வேணும்.”

விழுப்புரத்தில் சீனுவாசன் நாலு லெட்டர்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மூணுதான கேட்டேன்? இதாரு, ஹெல்த்து டிப்பார்ட்மெண்டா? பேயிக்குத் தடுப்பூசி போட்டீங்களா?”

டீச்சர் பழைய பிரதியிலிருந்து கத்தரிக்கோல் பக்கத்தை உருவிக்கொண்டு, எண் மாற்றிய சரியான பக்கத்தையும் மற்றத் திருத்தப் பக்கங்களையும் வைத்தார். புதிய கடைசி அத்தியாயத்தைக் கொடுத்தார். சீனுவாசன் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். பாதியில் சத்தம் போட்டுப் படித்தார். அச்சுக் கோக்கும் முனியம்மாள் கையில் எழுத்துக்களோடு எழுந்து வந்து நின்றுகொண்டாள். முடிந்ததும் சீனுவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தாளு ஓடுறானே,” என்றாள் முனியம்மாள். “எங்க போவான் பாவம்? சொந்தம்னு யாரு கீறாங்க?”

“எங்கியோ போயி வேலைக்கு அப்ளிகேசன் போடுவான்,” என்றார் டீச்சர்.

“போம்மா, போயி எழுத்தக் கோக்க ஆரம்பி,” என்று சீனுவாசன் கடைசி அத்தியாயத்தை முனியம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டார். “கடைசியிலேருந்து கோக்கலாம், பரவால்ல. ஏம்மா ஹமீதா, அட்டையில ஒரு ஆம்பளப் பேரு போட்டுடலாமா? பேய்க் கதைக்கு அதான் ஓடும்.”

“நாலு பேரு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கொடுத்தது எம் பேருக்குங்க. ஆம்பளப் பேரு போட்டா மறுபடியும் நாலு லெட்டரு வாங்கணுமே.”

சீனுவாசன் அட்டை வரைபவருக்கு எழுதும் சீட்டில் ‘ஹமீதுன்னிசா, திண்டிவனம்’ என்று எழுதினார். டீச்சர் அந்தச் சீட்டை வாங்கி, படித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் திண்டிவனத்தில் இறங்கியபோது மணி ஐந்தரை. டீக்கடை வாசலில் பச்சைமுத்து குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னாச்சி டீச்சர்?”

“அச்சுக் கோக்க ஆரம்பிச்சிட்டாங்க சார். சித்திரைக்கு வந்துடும். ஒங்களுக்கு?”

“ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு கொறச்சல்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தேடினேன், கிடைக்கவில்லை. “நாளைக்குப் புது டார்கெட். பூஜ்யத்துலேருந்து. கதையில அந்தாளு?”

“நாப்பது, சார்.”

“பாத்தீங்களா!” என்றார் பச்சைமுத்து. டீக்கடைக்காரரிடம் திரும்பி, “பாய் ஊட்டு டீச்சருக்கும் அந்தப் பொண்ணுக்கும் ரெண்டு டீ போடுப்பா, ஸ்ட்ராங்கா,” என்று உரக்கச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்து, “டார்கெட்டு முடிஞ்சா எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்னு எழுபத்தொம்போதுலயே நெனச்சேன். அன்னிக்கு என்னால எழுந்து நிக்க முடியல,” என்றார்.